கடைத்தெருவை மாற்றுகிறார்களாம்... நம்மை யாராவது கேட்டார்களா?

ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் போன இடத்தில்தான் அந்த நோட்டீஸ் என் கண்ணில் பட்டது. சுவரில், குடும்பக்கட்டுப்பாடு விளம்பரத்துக்கும் டியூஷன் சென்டர் விளம்பரத்துக்கும் நடுவே ஒட்டியிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் உள்ள எங்கள் கடைத்தெருவை அகலப்படுத்தி, நடைபாதை போட்டு, புதுப்பிக்கப் போகிறார்களாம். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாமாம். புதன்கிழமை, பகல் 11 மணி.

புதன்கிழமை, பகல் 11 மணி! குக்கரை இறக்கிவிட்டு, எல்.கே.ஜி. பிள்ளையை அழைத்து வரச் செருப்பை மாட்டுகிற நேரம். வேலைக்குப் போகிறவர்கள் ஆபீஸில் இருக்கிற நேரம். அந்த நேரத்தில் யார் வரமுடியும் என்று அவர்கள் யோசித்தார்களா, அல்லது யோசித்துத்தான் வைத்தார்களா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எதிர்வீட்டு மாமியிடம் சொன்னேன். "போய் என்னடி ஆகப்போறது? அவா முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிடுவா" என்றார். ஆனாலும் கிளம்பும்போது மாமிதான் முதலில் கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றார். பிள்ளையை அழைத்து வரும் பொறுப்பை என் மாமியார் ஏற்றுக்கொண்டார். அவருக்கு முழங்கால் வலி. நடைபாதையில்லாத அதே கடைத்தெரு வழியாகத்தான் அவர் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். அதனால் போகும்போது, "என் முட்டிக்காகவும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

கூட்டத்தில் நாற்பது நாற்காலி இருக்கும். எங்களையும் சேர்த்துப் பெண்கள் 4 பேர். மேஜைமேல் பெரிய வரைபடம். முதல் ஒரு மணி நேரம் முழுக்க ஒரே பேச்சு: கார் எங்கே நிறுத்துவது? ஜவுளிக்கடைக்காரர் பேசினார், மருந்துக்கடைக்காரர் பேசினார், குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர் இரண்டு தடவை பேசினார். தப்பில்லை, அவரவர் கவலை அவரவருக்கு. ஆனால் அந்தத் தெருவில் காரில் வருகிறவர்களைவிட நடந்து வருகிறவர்கள்தான் ஜாஸ்தி என்று யாராவது சொல்லுவார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

கடைசியில் நான் எழுந்து, "இந்தப் படத்திலே பொம்பளைங்களுக்குக் கழிப்பறை எங்கே சார் இருக்கு?" என்று கேட்டேன். படத்தைச் சுற்றி இருந்தவர்கள் குனிந்து தேடினார்கள். "அது அடுத்த கட்டத்துல வரும்மா" என்றார் இளம் எஞ்சினியர் ஒருவர். அடுத்த கட்டம் எந்த வருஷம் என்று மாமி கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமி சிரிக்கவில்லை.

பாண்டி பஜார் சொல்லும் கதை

வீட்டுக்கு வந்ததும், இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற சமாசாரமா என்று யோசித்தேன். சென்னையில் கடைத்தெருவை மாற்றியதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பாண்டி பஜார்தான். இன்றைக்கு நகரத்தின் நட்டநடுவில் இருக்கும் தியாகராய நகரும் ஒரு காலத்தில் புறநகர்தான், தெரியுமோ? 1920-களில் மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து, பூங்காவும் தெருக்களுமாகத் திட்டமிட்டு உண்டாக்கிய பேட்டை அது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகு ஜனங்கள் அங்கே குடியேறுவது இன்னும் சுலபமாயிற்று. பாண்டி பஜார் என்ற பெயர் சௌந்தரபாண்டியனார் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பாண்டிச்சேரிக்காரர்கள் கடை போட்டதால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எது எப்படியோ, தலைமுறை தலைமுறையாகக் கல்யாணச் சாமான் வாங்கவும், வளையலும் பொட்டும் ரிப்பனும் வாங்கவும் நம்மவர்கள் போய்க்கொண்டிருந்த தெரு.

அந்தப் பிளாட்பாரம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? இரண்டு பக்கமும் தரைக்கடைகள், நடுவே ஓர் ஆள் போகிற இடைவெளி. பேரம் பேசுவதற்கு நின்றால் பின்னால் வருகிறவர் முழங்கையால் இடிப்பார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பையையும் தூக்கிக்கொண்டு நடந்தால் வீடு திரும்பும்போது முதுகு விண்விண் என்று தெறிக்கும். 2013-ல் நடைபாதை வியாபாரிகளை அங்கேயே கட்டிய மாடிக் கட்டடத்துக்குள் மாற்றினார்கள். மாடி ஏறி வளையல் வாங்க எத்தனை பேர் போவார்கள்? தெருவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிற சாமானைத் தேடிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற பழக்கம் நமக்கு உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் அந்தச் சாலையையே மாற்றினார்கள். வண்டி போகிற பகுதியைக் குறுக்கி, நடக்கிற பகுதியை அகலமாக்கி, உட்காரப் பெஞ்சுகள் போட்டார்கள். 2019 நவம்பர் 13-ந் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். இதில் எனக்குப் பிடித்தது திறப்பு விழா அல்ல. கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சில நாட்கள் வண்டிகளை நிறுத்தி, தற்காலிக ஏற்பாடுகள் செய்து, ஜனங்களை நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார்களே, அதுதான். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த கடைக்காரர்களும் இருந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காகிதத்தில் பதில் எழுதுவதைவிட, தெருவிலேயே நடத்திக் காட்டுவது எவ்வளவு மேல்!

புடவை வாங்கினால் உள்ளே போய்க் கட்டிப் பார்க்கிறோம். செருப்பு வாங்கினால் நாலு தப்படி நடந்து பார்க்கிறோம். கோடிக்கணக்கில் செலவாகும் தெருவை மட்டும் போட்டுப் பார்க்காமல் வாங்கலாமா?

வெளிதேசத்திலும் இதே கதைதான். வியன்னாவில் மரியாஹில்ஃபர் தெரு என்று ஒரு பெரிய கடைத்தெரு. அதை நடப்பவர்களுக்கு ஒதுக்குவதைப் பற்றி ஊர் இரண்டுபட்டது. 2014-ல் அக்கம்பக்கத்து இரண்டு வட்டாரத்து ஜனங்களிடமும் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 53.2 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். நூலிழை வித்தியாசம்தான். ஆனால் கேட்டார்கள் பாருங்கள்! அந்த ஊரில் 1991-லேயே, பொது இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, பெண்களின் அன்றாட நடமாட்டத்தைப் படம் படமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள்.

நம் நடமாட்டம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்களேன். வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று நேர்கோட்டில் போய் வருவார். நாமோ பள்ளிக்கூடம், அங்கிருந்து மாவு மில், மில்லில் அரைபடும் நேரத்தில் பாங்க், திரும்பும் வழியில் மாமியாருக்கு மாத்திரை, கீரை, பூ என்று கோலப்புள்ளிகளைச் சுற்றிவருவது போலச் சுற்றி வருகிறோம். அந்தக் கோலத்தில் எத்தனை தடவை சாலையைக் கடக்கிறோம்! வரைபடம் போடுகிறவர் நேர்கோட்டு ஆசாமியாக இருந்தால் நம் புள்ளிகள் எதுவும் அதில் விழாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு பஸ் நிறுத்தங்களில் நம் கூட்டம்தான். ஆனால் எங்கள் கடைத்தெருப் படத்தில் பஸ் நிறுத்தம் ஒரு கடுகளவு கட்டம். நிழற்குடையும் இல்லை.

தாகத்தை அடக்கிக்கொண்டு எத்தனை நாள்?

கழிப்பறையைப் பற்றி நான் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. கடைக்குப் போகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்? நானே அப்படித்தான். வெயிலில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, வாய் உலர்ந்து வீட்டுக்கு ஓடி வருவேன். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருந்தால் நீர்ச்சுருக்கும் நீர்த்தாரைத் தொற்றும் வரும், சிறுநீரகக் கல்லுக்கும் அது இடம் கொடுக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று இன்னும் ஆபத்து. கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் அடிக்கடி போகவேண்டியிருக்கும். வயதானவர்கள் இதற்குப் பயந்தே வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். எரிச்சல், குளிர் காய்ச்சல், இடுப்பு வலி என்று வந்தால் கைவைத்தியத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள். அதெல்லாம் சரி, வியாதி வந்தபின் டாக்டரிடம் போகிற செலவைவிட, தெருவில் ஒரு சுத்தமான கழிப்பறையும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வைக்கிற செலவு பெரிதா?

பால் கொடுக்கும் இடமும் அப்படித்தான். 2015-ல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பஸ் ஏற மட்டுமா வெளியே வருகிறார்கள்? கடைத்தெருவுக்கும் வருகிறார்கள். புடவைக் கடையின் துணிமாற்றும் அறையில், கதவை யாரோ தட்டிக்கொண்டிருக்க, வியர்க்க விறுவிறுக்கப் பால் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. குழந்தை குடித்ததைவிட அழுததுதான் அதிகம்.

அடுத்தது மாமியாரின் முட்டி. நடைபாதை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட விதிமுறையே இருக்கிறது. ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது அரையடி, நம் வீட்டுப் படி உயரம். தடையில்லாமல் நடக்கிற அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கிட்டத்தட்ட 6 அடி. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் போகலாம் என்ற கணக்கு. கடைத்தெரு என்றால் அதற்கு மேலேயே வேண்டும். எங்கள் ஊரில் ஓரிடத்தில் நடைபாதை முக்கால் முழங்கால் உயரம். ஒவ்வொரு கடை வாசலுக்கும் இறங்கி ஏற வேண்டும். நடுவே மின்சாரப் பெட்டி வேறு. முட்டி வலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? பேசாமல் ரோட்டில் நடப்பார்கள், லாரிக்குப் பக்கத்தில். நடைபாதை இருக்க ரோட்டில் நடக்கிறார்களே என்று திட்டுகிறவர்கள் ஒருநாள் கிலோ கணக்கில் காய்கறிப் பையோடு அதன்மேல் ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் ஒரு நகரம் இப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது. புறநகரில் எங்கள் தெருவரைக்கும் அது நடந்து வந்து சேர நாளாகிறது, அவ்வளவுதான்!

கீரைக்காரம்மாவின் கேள்வி

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்தாள். முளைக்கீரைக் கட்டை எடுத்தபடியே கேட்டாள்: "இன்னாம்மா, மீட்டிங்குக்குப் போனியாமே. ரோடு பெரிசாக்கறாங்களாமே, எங்கள எங்க போவச் சொன்னாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர், "பிளாட்பாரக் கடைங்களை மொதல்ல காலி பண்ணணும், அப்பதான் ஊர் உருப்படும்" என்று சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். நானும் சும்மா இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடக்க இடம் வேண்டும் என்று நான் கேட்டது, அவள் உட்கார இடமில்லாமல் போவதில் முடிந்தால்? காலை 7 மணிக்கு வாசல் பக்கத்திலேயே கீரை கிடைக்கவேண்டும் என்பதும் என் ஆசைதானே!

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி, ஒவ்வோர் ஊரிலும் முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுத்து, தகுதியுள்ளவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது முடிகிறவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஊருக்கு ஒரு வியாபாரக் குழு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கத்துக்கும் அந்தக் குழுவில் இடமுண்டு.

இதைக் கீரைக்காரம்மாவிடம் சொன்னபோது, "கணக்கெடுக்க வந்தாங்கம்மா. மத்தியானம் பன்னண்டு மணிக்கு வந்திருக்காங்க. நான் விடியக்காலம் கோயம்பேட்டுக்குப் போய் சரக்கெடுத்து, பத்து மணிக்குள்ள வித்துட்டு, வூட்டுக்குப் போயிடறேன். என் பேரு எப்படி இருக்கும்?" என்றாள்.

எனக்குப் பகல் 11 மணி நோட்டீஸ் நினைவுக்கு வந்தது.

எங்கே போய்ச் சொல்வது?

கடைத்தெருவை மாற்றும் பேச்சு உங்கள் ஊரிலும் வரலாம். அல்லது வந்து, உங்கள் காதில் விழாமலே போயிருக்கலாம். நமக்கென்று சில வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1-ந் தேதி முதன்முதலாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை போல, வார்டுக்குள் இருக்கும் ஜனங்களே வந்து பேசுகிற கூட்டம். தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே போயிருந்தார். நம் புறநகர்தான் பம்மல்! அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரைக் கேட்டு வையுங்கள். கவுன்சிலர் பெண்ணாகவே இருக்கக்கூடும். நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்துவிடாமல், அந்த அம்மாவிடமே நேராகப் பேசுங்கள்.

வரைபடத்தைக் காட்டமாட்டேன் என்கிறார்களா? 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு கொடுத்தால், 30 நாளில் பதில் தரவேண்டும். நகல் எடுக்கத் தனியாகச் சில்லறை செலவாகும். கையில் படம் கிடைத்ததும் அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ரவிக்கைக்கு அளவெடுத்து வெட்டத் தெரிந்த நமக்கு, ஒரு சென்டிமீட்டர் எத்தனை மீட்டர் என்று மூலையில் போட்டிருப்பதைப் பார்த்து அளக்கத் தெரியாதா? நாங்கள் தையல் டேப்பையே எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனோம். மாமி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மாலை 7 மணிக்கு ஒரு தடவை போய், எங்கெங்கே விளக்கு எரியவில்லை என்றும் குறித்தோம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இருபது தப்படி தூரம் இருட்டு. டியூஷன் முடிந்து வருகிற பெண் குழந்தைகள் அந்த இடத்தில் ஓட்டமாக ஓடுகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மரங்களையும் எண்ணினோம், 14. அதில் 9 மரம் படத்தில் இல்லை. வெட்டப் போகிறார்களா, போட மறந்தார்களா என்று கேட்டு எழுதினோம். சித்திரை வெயிலில் அந்தத் தூங்குமூஞ்சி மர நிழல்தான் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கூரை.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, தெருப் பெண்கள் 31 பேர் கையெழுத்துப் போட்டோம். அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. ஆச்சரியம், வைத்தார்கள்! அன்றைக்குப் பிள்ளைகளோடு வந்த பெண்கள் நாற்காலி போதாமல் நின்றார்கள். குழந்தைகள் வரைபடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும் இடத்தை மாற்றிப் போட ஒப்புக்கொண்டார்கள். மரங்களில் 6-ஐ விட்டுவைப்பதாகச் சொன்னார்கள். மற்ற மூன்றுக்காக மாமி இன்னும் விடாமல் மல்லுக்கு நிற்கிறார். கழிப்பறையை அந்த இளம் எஞ்சினியர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்தார். பேனாவால் குறியுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் பென்சில்தான். கார் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே பேனாதான்.

கீரைக்காரம்மாவுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், கணக்கெடுப்பில் தன் பெயர் விட்டுப்போனதாக. அலுவலகத்துக்கு நானும் கூடவே போனேன். மனுவை வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார்கள். பதில் வரவில்லை. போன வாரம் அரைக்கீரைக் கட்டைத் தரும்போது, "இன்னும் ஒண்ணும் வரலியாம்மா?" என்றாள்.

"வரலையே. ரசீது இருக்கில்ல?"

இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.